புதன்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு

ஒரே கட்டத்துக்குள் இரண்டு வகுப்புகள்.
அல்காரிதமும் தரவு அமைப்புகளும், மூன்றாம் மாடியில்.
செயற்கை நரம்பு வலைகள், தெருவுக்கு அந்தப் பக்கம்.
வீப்கேக்கு இருப்பதோ ஓர் உடம்பு,
ஒரு சைக்கிள்,
அதிலும் பின்பிரேக் பிடிக்காது.

இன்று நள்ளிரவோடு பதிவு முடிகிறது.
அறிதிறன் அறிவியல் படிக்கிறவர்கள்
கணினித் துறையிலிருந்து பதினெட்டுப் புள்ளிகள்
எடுத்தே ஆகவேண்டும்.
எதை எடுப்பது என்று பாடத்திட்டம் சொல்லாது.
மாணவர் தம் விருப்பத்திற்கேற்ப, என்று நிறுத்திவிடுகிறது.
விருப்பம் எங்கிருந்து வருகிறது என்பது
ஐந்தாம் பருவப் பாடம்.
அவள் இப்போதுதான் மூன்றில்.

ஹாவர்காம்ப் அறைக்கதவில் ஒரு தாள்:
ஆலோசனை செவ்வாய் மட்டும்.
இன்று வியாழன்.

நெவின் பருப்பு சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:
"தரவுத்தளம் எடு. பரீட்சை லேசு, வேலையும் கிடைக்கும்."
"மூளைக்குள்ளே அட்டவணையா இருக்கு?"
"எங்க மாமா மூளைக்குள்ளே இருக்கு.
யார் யார் எவ்வளவு தரணும்னு
வரிசையா."

நாக்கு நுனிவரை வந்த சொல்
வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல்
ஏன் அங்கேயே நிற்கிறது?
இதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தாள்.
முதல் வருடம் தந்ததென்னவோ
முடிய மறுத்த ஒரு சுழற்சி,
ஆய்வகத்தில் பழைய மின்விசிறியின் இரைச்சல்,
ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதற்கு
விடியவிடியச் சிவப்பு எழுத்து.

நான்கு மணிக்கு வெளியே வந்தாள்.
ஓஸ்னாப்ரூக்கின் அக்டோபர் மழை
விழுவதா வேண்டாமா என்று அந்தரத்தில் நின்றது.
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு வால்நட் மரம்.
தார்ச்சாலையில் டொக்கென்று ஒரு கொட்டை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம் நாம்.
இந்த ஊரில் பனை இல்லை.
இந்தக் காக்கை உட்காரவும் இல்லை.
கொட்டையும் தானாக விழவில்லை:
விளக்குக் கம்ப உயரத்திலிருந்து போட்டது,
உடையவில்லை.
இறங்கி எடுத்தது.
கூரை உயரத்திலிருந்து போட்டது.
உடையவில்லை.

வீப்கே ஒரு காலை ஊன்றி நின்றாள்.
இன்னும் மேலே போனால் உடையும்.
ஆனால் மேலே போகப் போக
இறங்கி வருவதற்குள்
வேறொரு காக்கை தூக்கிக்கொண்டு போகும்.
அதோ, வேலிமேல் அது தயாராய்.
எவ்வளவு உயரம் போதும்?
அந்தக் கணக்கை இது எங்கே போடுகிறது,
எந்த மொழியில்,
எத்தனை தோல்விகளை ஞாபகம் வைத்து?
இது மூன்றாம் மாடியா, தெருவுக்கு அந்தப் பக்கமா?

மூன்றாவது முறை கொட்டை
அவள் சக்கரத்தருகே உருண்டு வந்தது.
குதிகாலால் மிதித்து உடைத்துக் கொடுத்தாள்.
காக்கை வரவில்லை.
தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது,
சோதனையைக் கெடுத்தவளைப் பார்ப்பதுபோல்.
பிறகு வேறொரு கொட்டைக்குப் போயிற்று.
பருப்பை வேலிக்காரன் தின்றான்.

பதினொன்று நாற்பத்தேழு.
தேர்வுக்கான காரணம், என்று ஒரு பெட்டி.
இருநூறு எழுத்துகளுக்குள்.
காக்கை என்று அடித்தாள்.
அழித்தாள்.
போதும் என்று எப்போது தெரியும், என்று அடித்தாள்.
அதையும் அழித்தாள்.
கட்டாயமில்லை என்று
அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

"எதைப் போட்டே?" நெவின் பாதித் தூக்கத்தில்.
"அல்காரிதம்."
"ஏன்?"
சொல் நுனிவரை வந்தது.

புதன்கிழமை, பத்து அடிக்க ஐந்து நிமிடம்.
மூன்றாம் மாடியில் ஜன்னலோர இருக்கை.
முதல் வரியாகப் பேராசிரியை
ஒரு வரிசையில்லாத பட்டியலை எழுதுகிறார்.
தெருவுக்கு அந்தப் பக்கம்
இன்னொரு வகுப்பில் விளக்குகள் எரிகின்றன.
அங்கேயும் ஒரு ஜன்னலோர இருக்கை.
பச்சைக் கம்பளிக்காரன் ஒருவன்
அதில் வந்து உட்கார்கிறான்,
பையைத் திறக்கிறான்,
அவளைப் பார்க்காமலே.